துரையின் ஆபீசுக்கு வெளியே ஒரு நீதி: கோ. நடேசய்யர்

சில மாதங்களுக்கு முன் ஒரு வழக்கு பற்றி எழுதுவதற்காக ஹட்டன் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். வாசலில் காத்திருந்த வயதான அம்மா ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இத்தனை வயதில் இப்போதுதான் முதன்முதலாகக் கோட்டுப் படி ஏறுகிறாராம். அதுவரை எந்தப் பிரச்சினையும் தோட்டத்து ஆபீஸ் வாசலோடு முடிந்துவிட்டதாம். திரும்பும் வழியெல்லாம் கோ. நடேசய்யரின் நினைப்புத்தான். ஆபீஸ் வாசலைத் தாண்டியும் நியாயம் இருக்கிறது என்று எங்கள் மக்களுக்கு முதலில் சொன்னவர்களில் ஒருவர் அவர்.

எங்கள் பழைய துரைமாரில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். பெல்மோரல், கிளென்லையன் என்று தோட்டங்களுக்கு அவர்கள் வைத்த பெயர்களே அதற்குச் சாட்சி. அவர்களுடைய நாட்டில் ஷெரிப் என்றால் உள்ளூர் நீதிபதி. ஒரு காலத்தில் அந்தப் பதவி பெரிய நிலக்காரக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாக இருந்தது. தன் நிலத்தில் வாழ்பவனைத் தானே விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமும் நிலக்காரனிடம் இருந்தது. அந்தப் பரம்பரை அதிகாரத்தை பிரித்தானியப் பாராளுமன்றம் 1747இல் சட்டம் போட்டு ஒழித்தது. அதன்பின் சட்டம் படித்தவர்களே ஷெரிப் ஆனார்கள்.

தங்கள் ஊரில் ஒழிந்துபோன அந்த அதிகாரத்தை மலையகத்தில் துரைமார் ஏறக்குறைய அப்படியே அனுபவித்தார்கள். அபராதம் போடுவதும், பேரை வெட்டுவதும், லயத்தை விட்டு வெளியேற்றுவதும் அவர்கள் கையில். அவர்களில் சிலருக்கு சமாதான நீதவான் பதவியும் இருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம். கடன் கணக்கு எழுதிய துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலையும் கிடையாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர் நடேசய்யர். பத்திரிகைக்காரர், வழக்கறிஞர் அல்லர். வெளியாள் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் பாயும். அதனால் புடவை வியாபாரிபோல வேஷம் போட்டு லயங்களுக்குள் போய் நிலைமையைப் பார்த்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய சாரல்நாடன் பதிவு செய்திருக்கிறார். பார்த்ததையெல்லாம் தேசநேசன், தேசபக்தன் பத்திரிகைகளில் எழுதினார். தொழிலாளிக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை எளிய தமிழில் சொன்னார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் அதையே பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களிடம் சட்டம் பாட்டாகப் போய்ச் சேர்ந்தது.

1925இல் சட்டசபைக்குள் போனார். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயமானது. இந்தக் கணக்கு துரையின் மனத்தைப் பொறுத்தது அல்ல, சட்டப் புத்தகத்தில் இருப்பது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காட்டி அந்தச் சதங்களிலும் கைவைத்தபோது எதிர்த்து நின்றார். ஆரம்பத்தில் ஏ. ஈ. குணசிங்கவோடு சேர்ந்து தொழிற்சங்க வேலை செய்தவர், இந்தியத் தொழிலாளர் விஷயத்தில் முரண்பட்டுப் பிரிந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சம்மேளனம் ஒன்றைத் தொடங்கினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அவரிடமும் குறை இருந்தது. கூட்டாளிகளோடு அவருக்கு நெடுநாள் ஒத்துப்போகவில்லை. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தபின் சம்மேளனம் தேய்ந்தது. ஆனால் 1940இல் துரைமார் சங்கம் தொழிற்சங்கங்களோடு ஏழு அம்ச ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆபீஸ் வாசலில் கைகட்டி நின்றவர்களின் பிரதிநிதிகள், துரைமாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் நிலை வந்தது. அந்த நாற்காலிக்காகப் பத்து வருடத்துக்கு மேல் பாடுபட்டவர்களில் நடேசய்யருக்கு முக்கிய இடம் உண்டு.

1947 நவம்பரில் அவர் இறந்தார். மறு வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. சட்டத்தை நம்பு என்று கற்றுக்கொடுத்தவர், அதே சட்டம் இப்படித் திரும்புவதைப் பார்க்கவில்லை.

அன்று அந்த அம்மாவின் வழக்குக்குத் தவணைதான் கிடைத்தது. அடுத்த திகதி எழுதிய காகிதத்தை நாலாக மடித்து, சுருக்குப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். வருவீர்களா என்று கேட்டேன். வராமல் எப்படி, என் வழக்கல்லவா என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.