இராமாநுஜனை மடக்க வந்த நண்பர்

டயகமத் தோட்டப் பாடசாலையாயினும் சரி, காவிரிக்கரைப் பள்ளியாயினும் சரி, கெட்டிக்காரன் ஒருவனை எப்படியேனும் மடக்கிப் பார்த்துவிட வேண்டும் என்னும் ஆசை மாணவர்க்கு என்றும் உண்டு. கணிதமேதை சீனிவாச இராமாநுஜனும் அவ்வாசைக்குத் தப்பினாரல்லர்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டிற் பிறந்த அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் புடைவைக் கடைக் கணக்கர். சிறுவயதில் சென்னையில் இருந்த காலத்துப் பள்ளிக்குப் போக மறுத்துக் குறும்பு செய்ய, வீட்டார் ஒரு பொலிஸ்காரரைக் கொண்டு அவரை மிரட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் கேம்பிரிட்ஜ் வரவேற்ற மாணாக்கர் இவரே என்பதை நம் ஆசிரியர்கள் கருத்தில் இருத்துவார்களாக!

ஆரம்பப் பள்ளியில் ஒருமுறை கணக்குப் பரீட்சையில் 45-க்கு 42 பெற்றார். தோழர் சாரங்கபாணியோ 43. ஒரே ஒரு புள்ளி! அதற்காகத் தோழரோடு பேசவும் மறுத்து, அழுதுகொண்டே தாயாரிடம் ஓடினார். மேதைகளும் பிள்ளைகளே.

1898-இல் நகர உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் போதிக்க, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலுமா என்று கேட்டார் இவர். கேலிபோல் தோன்றும் அவ்வினாவிற் கணிதத்தின் ஆழமே அடங்கியிருந்தது.

இவரைச் சோதிக்க மூத்த மாணவர் ஒருவர் வந்தார். பெயர் சி. வி. இராஜகோபாலாச்சாரி; அரசியலிற் புகழ்பெற்ற இராஜாஜி வேறு, இவர் வேறு. மேல்வகுப்பாரும் திணறக்கூடிய புதிர் ஒன்றை அவர் கொணர்ந்தார். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7, முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, எண்கள் யாவை? அரை நிமிடத்தில் 9, 4 என்று விடை வந்தது. மடக்க வந்தவர் மலைத்தார். அன்றே இருவரும் நண்பராயினர்.

பின்னர்க் காலம் மாறியது. பள்ளியிற் பரிசு பெற்றவர் கல்லூரியிற் கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டு, உதவிப்பணத்தை இழந்து, பட்டமும் இன்றி, வேலை தேடிச் சென்னையில் அலைந்தார். நண்பர் வீடுகளே அவருக்குச் சத்திரம். பரீட்சையின் அளவுகோலுக்குள் அடங்காத பிள்ளைகளை நாம் எத்தனை எளிதிற் கைகழுவிவிடுகிறோம்!

1910-ஆம் ஆண்டளவில், மனம் சோர்ந்திருந்த அவரைப் பழைய புதிர்க்காரர் சென்னையிற் கண்டார். ஊருக்குத் திரும்ப விடாது தடுத்து, நெல்லூர்க் கலெக்டரும் கணித ஆர்வலருமான இராமச்சந்திர ராவின் முன் உடன் சென்று நிறுத்தினார். இராமாநுஜனின் குறிப்பேடுகள் முதலில் ராவுக்கு விளங்கவில்லை. நண்பர் சளைக்காது மீண்டும் அழைத்துச் சென்றார். ஈற்றில் மாதம் 25 ரூபா உதவி கிடைத்தது. 1913-இல் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914-இற் கடற்பயணம், 1918-இல் ராயல் சொசைட்டி அங்கத்துவம், 1920 ஏப்ரல் 26-இல் முப்பத்திரண்டே வயதில் மரணம் ஆகியன உலகறிந்தவை. அவ்வழியில் முதற் கதவைத் தட்டிய கை, பள்ளியில் அவரை மடக்க வந்த அந்தத் தோழருடையது.