நந்தனாரின் வாழ்வும் அதன்மேல் படிந்த கதைகளும்

நந்தனார் என்றதும் நம் மனத்தில் எழுவது, அந்தண ஆண்டையின் முன் கைகட்டி நின்று, சிதம்பரம் செல்ல அனுமதி கேட்டு மன்றாடும் பண்ணையாளின் உருவமே. அந்த ஆண்டை வரலாற்று மனிதரல்லர். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் படைத்த பாத்திரம். ஆகவே, நந்தனாரின் வாழ்வை அறிய விரும்பும் நாம், அதன்மேல் படிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டியுள்ளது.

மிகப் பழைய சான்று சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அதில் இருப்பது திருநாளைப்போவார் என்னும் பெயர் மட்டுமே. அடுத்து வந்த நம்பியாண்டார் நம்பி, அவர் ஆதனூரில் பிறந்தவர் என்றும், புலை நீங்கி முனிவரானார் என்றும், தில்லை மூவாயிரவர் அவரைக் கைகூப்பினர் என்றும் பாடினார். அங்கே தீ இல்லை.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார்தாம் அவருக்கு முழு வாழ்வு தந்தார். பெரியபுராணத்தின் நந்தனார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். ஊர்த் தொழிலுக்கென விடப்பட்ட நிலத்தால் பிழைத்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் முழங்கியது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவர் காண நந்தி விலகியது என்பர். அங்கே அவர் குளமும் வெட்டினார். தில்லைக்குச் சென்றும் மதிலைச் சுற்றி வந்தாரேயன்றி உள்ளே புகவில்லை. இறுதியில் தெற்கு வாயிலின் முன் மூட்டிய தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, அம்பலத்துள் புகுந்து மறைந்தார் எனப் புராணம் முடிகிறது. இங்கே தீ உண்டு, ஆண்டை இல்லை.

பாரதியாரின் கீர்த்தனை ஆண்டையைச் சேர்த்தது. ஒரே இரவில் நாற்பது வேலி நிலம் விளைந்த அற்புதத்தையும் சேர்த்தது. கதாகாலட்சேபமும், 1935, 1942 ஆண்டுகளின் திரைப்படங்களும் இந்த நந்தனையே வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இதைப் பொய் என்று ஒதுக்கிவிட நாம் சொல்லவில்லை. தஞ்சைப் பண்ணையடிமையின் துயரத்தை அறிய அது ஒரு சான்று. ஆனால் அது பாரதியார் காலத்தின் சான்று. நந்தனார் காலத்தின் சான்று அன்று. இரண்டையும் குழப்பும்போது, தொழிலும் தொண்டும் உடைய ஒரு மனிதர், கருணைக்குக் காத்திருக்கும் அடிமையாகச் சுருங்கிவிடுகிறார்.

இந்தச் சுருக்கத்தை ஒடுக்கப்பட்டோர் ஏற்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டு மாற்று வரலாறு எழுதினார். அண்ணல் அம்பேத்கர், தீண்டாமையின் தோற்றத்தை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பண்டிதரின் எழுத்தையும் நாம் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். பறிக்கப்பட்ட கண்ணியத்தை மீட்கும் வேட்கைக்கு அது அழியாச் சான்று; அரச வம்சத்துக்கு அதை மட்டுமே ஆதாரமாகக் கொள்ள இயலாது.

நம்பியாண்டார் நம்பி முதல் பாரதியார் வரையிலான அடுக்குகளில் மாறாத செய்தி ஒன்றே: பிறப்பு இழிவெனக் கருதப்பட்டது, அது நீங்கினாலன்றி வணக்கத்துக்கு உரியவராக அவர் ஏற்கப்படவில்லை. புனைவு இதை அற்புதமாக்கி நம்மைக் கண்ணீர் சிந்த வைக்கிறது. வரலாறோ, அந்த வாயிலை அடைத்தவர் யார் என்று கேட்கிறது. 1947இல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தபோது, உள்ளே செல்ல எவரும் தீக்குளிக்க வேண்டும் என்று அது கோரவில்லை. நந்தனாருக்கும் அது தேவைப்பட்டிருக்கக் கூடாது.