பயணியாய் இருக்க மனமில்லாதவர்



சீனன்குடாவில் இறங்கும் விமானத்தை லிங்கநகர்ப் பிள்ளைகள் நீங்கள் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதை ஓட்ட ஆசையும் வந்திருக்கும். அப்படி ஆசைப்பட்ட ஒரு பெண்ணின் கதை இது.

அமெலியா இயர்ஹார்ட் 1897இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஆண்களுக்கே உரியவை எனப்பட்ட தொழில்களில் சிறந்து விளங்கிய பெண்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளை வெட்டிச் சேர்த்து வந்தார். முதலாம் உலகப் போரின்போது கனடாவில் காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்தார். 1920இல் பத்து நிமிடம் விமானத்தில் ஏறிப் பறந்தார். இறங்கும்போதே, தாமே ஓட்டவேண்டும் என்று உறுதிகொண்டார். லொறி ஓட்டியும், தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்தும் பயிற்சிக்குப் பணம் சேர்த்தார். அவருக்குக் கற்பித்த நெற்றா ஸ்னூக்கும் ஒரு பெண்ணே.

1928இல், அத்திலாந்திக் சமுத்திரத்தை விமானத்தில் கடந்த முதற் பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது. ஆனால் விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். அமெலியா வெறும் பயணி. அந்தப் புகழ் அவர் மனதை உறுத்தியது.

1932 மே 20இல் நியூபவுண்ட்லாந்திலிருந்து தனியே புறப்பட்டார். வழியில் உயரமானி பழுதாயிற்று. இறக்கைகளில் பனி உறைந்தது. ஏறத்தாழ 15 மணி நேரத்தின் பின் வட அயர்லாந்தில் ஒரு புல்வெளியில் இறங்கினார்.

பின்னர் பர்டியூ பல்கலைக்கழக மாணவிகளுக்குத் தொழில் வழிகாட்டினார். 1937இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டு, கராச்சி, கல்கத்தா வழியாகச் சென்றவர், யூலை 2இல் பசிபிக் சமுத்திரத்தில் காணாமற்போனார்.

அவரைப் பறக்கத் தூண்டியது புகழாசையா, பிள்ளைகளே? புகழ் 1928இலேயே கிடைத்துவிட்டதே! அதற்கு உரியவராக வேண்டும் என்றல்லவா மீண்டும் பறந்தார்!