மாநிலக் கல்லூரியில் இராமன்

செல்வம் உடையவர் பலர். அதனைப் பயன்கொள்ளத் தெரிந்தவர் சிலரே. இவ்வுண்மை பொருட்செல்வத்திற்கு மட்டுமன்றிக் கல்விச் செல்வத்திற்கும் பொருந்துவதாகும். ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் மாணாக்கர் பலர் பாடங் கேட்கின்றனர். நூல்நிலையத்தின் கதவு அவர்கள் அனைவர்க்கும் திறந்திருக்கின்றது. சோதனைச்சாலையின் கருவிகள் அனைவர் முன்னும் வைக்கப்பட்டிருக்கின்றன. எனினும், அவற்றால் ஒருவன் தேர்வில் தேறும் அளவே பயன் பெறுகின்றான். மற்றொருவன் உலகமே வியக்கும் அறிவினைப் பெறுகின்றான். குளத்து நீர் ஒன்றே. முகக்கும் கலத்தின் அளவே வேறு. கல்லூரி அளித்த வாய்ப்புகளைச் சிறிதும் வீணாக்காது பயன்கொண்டு, அதனால் உயர்ந்த பெருமக்களுள் சர் சி. வி. இராமன் தலைசிறந்தவர் ஆவார்.

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவானைக்காவில், 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர் பணியை ஏற்றமையால், 1892ஆம் ஆண்டில் அக்குடும்பம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர் பெருஞ்செல்வர் அல்லர். ஆயினும் அவர் இல்லத்தில் நல்ல நூல்கள் நிறைந்திருந்தன. விளையாடும் பருவத்திலேயே அந்நூல்களைப் புரட்டிப் பார்த்து வளர்ந்தார் இராமன். பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார், அடுத்து எஃப். ஏ. தேர்விலும் சிறப்பாகத் தேறினார்.

1903ஆம் ஆண்டில், பி. ஏ. வகுப்பிற் சேர்ந்து பயில்வதற்காக இராமன் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். கடற்கரையை நோக்கிக் கம்பீரமாக நிற்பது அக்கல்லூரி. அதன் அகன்ற தாழ்வாரங்களில் மீசை அரும்பிய இளைஞர்கள் நடமாடிக்கொண்டிருந்தனர். அவர்களிடையே பதினான்கு வயதே நிரம்பிய சிறுவர் ஒருவர், மெலிந்த உடலும் எளிய உடையுமாக, வகுப்பில் வந்து அமர்ந்தார். பாடஞ் சொல்ல வந்த எலியட் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் அவரைக் கண்டு வியப்புற்றார். பள்ளிச் சிறுவன் எவனோ வழிதவறி வந்துவிட்டான் என்று கருதினார் போலும்! அவ்வகுப்பைச் சேர்ந்தவர்தாமா என்றும், வயது எத்தனை என்றும் வினவினார். இராமன் சிறிதும் தயங்காது எழுந்து நின்று உரிய விடை அளித்தார். அன்று ஐயத்தோடு நோக்கிய பேராசிரியர்களே சின்னாட்களில் அவருடைய திறமையை உணர்ந்து போற்றலாயினர்.

புதிதாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணாக்கருக்கு இருவகை இடர்கள் நேர்வது உண்டு. ஒன்று, பெரிய இடத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கி நிற்றல். மற்றொன்று, பள்ளியின் கட்டுப்பாடு நீங்கிய களிப்பில் காலத்தை வீணே கழித்தல். இராமன் இவ்விரண்டிற்கும் இடங்கொடுத்தாரல்லர். வயதிற் சிறியவர் என்ற கூச்சம் அவரைத் தடுக்கவில்லை. தலைநகரின் ஆரவாரம் அவரை மயக்கவில்லை. பாடப் புத்தகங்களோடு நில்லாமல், ஒலியைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் மேனாட்டு அறிஞர்கள் எழுதிய மூலநூல்களையே நாடிக் கற்றார். யூக்ளிடின் வடிவ கணிதமும், ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வைப் பற்றி எழுதிய பெருநூலும், இங்கிலாந்து நாட்டு இராலே பிரபுவின் ஆராய்ச்சிகளும் அவர் உள்ளத்தை ஈர்த்தன. பி. ஏ. தேர்வில் அவர் முதலிடம் பெற்றார். பௌதிகத்திற்குரிய தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது.

இத்துணை அறிவு வாய்ந்த மாணவர் இங்கிலாந்து சென்று மேலும் கற்க வேண்டும் என்று ஆசிரியர்கள் விரும்பினர். அக்காலத்தில் அறிவியல் ஆராய்ச்சி செய்வதற்குரிய வசதிகள் நம் நாட்டில் மிகக் குறைவு. ஆயின், அவரைச் சோதித்த அரசாங்க மருத்துவர், மெலிந்த அவ்வுடல் இங்கிலாந்தின் குளிரைத் தாங்காது என்று கூறிப் பயணத்தைத் தடுத்துவிட்டார். வேறொருவராயின் தம் எதிர்காலமே இருண்டுவிட்டதாக எண்ணி மனமுடைந்திருப்பர். இராமனோ, தொலைவில் உள்ளது கிடைக்காதபோது அண்மையில் உள்ளதை நன்கு பயன்கொள்வதே அறிவுடைமை என்று தெளிந்தார். அதே மாநிலக் கல்லூரியில் பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டு எம். ஏ. வகுப்பிற் சேர்ந்தார்.

அவ்வகுப்பின் பௌதிகப் பேராசிரியர் ஜோன்ஸ் என்பவர். கற்கும் ஆர்வம் உடையவரைத் தம்போக்கில் கற்க விடுவதே நலம் என்று கருதிய அவர், இராமன் விரும்பியவாறு சோதனைச்சாலையைப் பயன்படுத்திக்கொள்ள இசைவு தந்தார். வகுப்பிற்கு நாள்தோறும் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அவருக்குப் பெரிதும் இல்லாது போயிற்று. உரிமை என்பது கூர்மையான கத்தி போன்றது. கைதேர்ந்தவனுக்கு அது கருவி. மற்றவனுக்கு அதுவே காயம் விளைப்பது. இத்தகைய உரிமை கிடைத்தால் உறங்கியும் ஊர் சுற்றியும் காலங் கழிப்போர் பலர். இராமன் அங்ஙனம் செய்யவில்லை. தமக்குக் கிடைத்த ஒவ்வொரு நாழிகையையும் சோதனைச்சாலைக்கே உரியதாக்கினார். ஆசிரியர் தம்மிடம் வைத்த நம்பிக்கையை இவ்வாறு காப்பாற்றினார்.

அச்சோதனைச்சாலை ஆராய்ச்சிக்கென அமைந்ததன்று. மாணவர்க்குப் பாடத்தை விளக்குவதற்குரிய கருவிகளே அங்கு இருந்தன. ஆண்டுதோறும் வரும் மாணவர் அக்கருவிகளைத் தொட்டு, குறித்த அளவுகளை எடுத்துக் குறிப்பேட்டில் எழுதி, மதிப்பெண் பெற்றுச் செல்வர். அவற்றுள் ஒன்று நிறமாலைமானி. ஒளிக்கதிரைக் குறுகிய பிளவின் வழியே செலுத்தி, முப்பட்டகக் கண்ணாடியின் மேல் விழச்செய்து, தொலைநோக்கியாற் காணுமாறு அமைக்கப்பட்ட கருவி அது. முப்பட்டகத்தின் இரு பக்கங்களிலும் ஒளியைப் பிரதிபலிக்கச் செய்து, அதன் கோணத்தை அளப்பது மாணவர் வழக்கமாகச் செய்யும் சோதனையாகும்.

ஒருநாள் இராமனும் அச்சோதனையைச் செய்துகொண்டிருந்தார். ஒளி கண்ணாடியின் பக்கத்தை ஒட்டினாற்போல் மிகவும் சாய்வாக விழுந்தபோது, தொலைநோக்கியில் தெரிந்த ஒளியுருவத்தின் இருமருங்கிலும் ஒளியும் இருளும் மாறி மாறி அமைந்த மெல்லிய பட்டைகள் தோன்றின. குறுகிய இடைவெளி வழியாகச் செல்லும் ஒளி விளிம்புகளில் வளைந்து பரவுவதனால் இத்தகைய பட்டைகள் தோன்றும் என்பது அறிஞர்கள் முன்னரே கண்டதுதான். ஆயின், அவை இருபுறமும் ஒத்த அளவினவாய் இருத்தலே வழக்கம். இராமன் கண்ட பட்டைகளோ ஒருபுறம் ஓர் அளவினவாகவும், மறுபுறம் வேறோர் அளவினவாகவும் இருந்தன. கோணத்தை அளந்து கணக்கை முடிப்பதற்கு இவ்வேறுபாடு தேவையே இல்லை. ஆதலின் காண்பவர் இதனைக் கருவியின் குறை என்று எண்ணி எளிதில் விட்டுவிடக்கூடும். இராமன் அதனை விட்டாரல்லர். ஏன் இவ்வாறு நிகழ்கின்றது என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. கோணங்களை மாற்றி மாற்றி அளந்தார், கணக்கிட்டார், காரணத்தைக் கண்டார். எல்லா மாணவரும் கையாண்ட பழைய கருவியே அவருக்குப் புதிய உண்மையைக் காட்டிற்று.

தாம் கண்டதை முறையாக ஒரு கட்டுரையாக எழுதி அவர் பேராசிரியரிடம் காட்டினார். நாட்கள் பல கடந்தும் அதனைப் பற்றிய கருத்து ஒன்றும் கிடைக்கவில்லை. இராமன் மனந்தளரவில்லை, முறையிட்டுக்கொண்டும் இருக்கவில்லை. இலண்டனில் வெளிவந்த ‘பிலாசாபிகல் மேகசீன்’ என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழுக்குத் தாமே அக்கட்டுரையை அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இதழில் அது வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. திரவங்களின் மேற்பரப்பு விசையை அளக்கும் முறை ஒன்றைப் பற்றிய அவருடைய அடுத்த கட்டுரையும் அவ்விதழிலேயே இடம்பெற்றது.

கல்லூரியில் உள்ள செல்வம் நூலும் கருவியும் மட்டும் அல்ல; உடன் பயிலும் தோழரும் அச்செல்வத்தைச் சேர்ந்தவரே. அதிரும் இழைகளைப் பற்றிய சோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்த அப்பாராவ் என்னும் மாணவருக்கு, எதிர்பாராத விளைவு ஒன்று தென்பட்டது. அதன் காரணம் அவருக்கு விளங்கவில்லை. செய்தி இராமன் காதுக்கு எட்டியது. பிறருடைய ஐயந்தானே என்று அவர் வாளா இருக்கவில்லை. அச்சோதனையைத் தாமே திருத்தமான முறையில் மீண்டும் செய்து பார்த்து விளக்கம் கண்டார். ஒலியைப் பற்றியும் அதிர்வைப் பற்றியும் அவர் பிற்காலத்தில் செய்த அரிய ஆராய்ச்சிகளுக்கு இத்தகைய பயிற்சிகளே வித்தாயின. இவ்வாறு தம் விருப்பத்தின்படி உழைத்தபோதும் பாடத்தை அவர் புறக்கணித்தாரல்லர். 1907ஆம் ஆண்டு எம். ஏ. தேர்விலும் அவர் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் வெற்றி பெற்றார்.

கல்வி முடிந்ததும் வாழ்க்கைக்கு வழி தேடவேண்டியிருந்தது. ஆராய்ச்சியையே தொழிலாகக் கொள்ள அக்காலத்தில் இந்தியருக்கு இடமில்லை. ஆகவே, அரசாங்க நிதித்துறைத் தேர்வினை எழுதி அதிலும் முதல்வராகத் தேறினார். 1907ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணக்குத் துறை உயர் அலுவலராகப் பதவி ஏற்றார். நல்ல ஊதியம், நிலையான மதிப்பு. இவ்வளவில் மனநிறைவு பெற்றிருந்தால், இராமன் என்னும் பெயர் அலுவலக ஏடுகளிலேயே மறைந்துபோயிருக்கும். ஆயின், கல்லூரியில் பழகிய கண்ணும் கையும் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

ஒருநாள் டிராம் வண்டியிற் செல்லும்போது, பௌபஜார்த் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பெருந்தகை 1876ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. அங்கே சோதனைச்சாலை இருந்தது, கருவிகள் இருந்தன, அவற்றைக் கொண்டு ஆராய்வாரைக் காண்பதுதான் அரிதாக இருந்தது. இராமன் உடனே இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். தம் ஓய்வு நேரத்தில் அங்கு ஆராய்ச்சி செய்ய விரும்புவதாகத் தெரிவித்தார். நிறுவியவரின் மைந்தரும் கழகத்தின் செயலாளருமான அமிர்தலால் சர்க்கார் அவரை அகமகிழ்ந்து வரவேற்றார். அன்று முதல் வைகறையில் கழகம், பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம் என்பதே இராமனின் வாழ்க்கை முறை ஆயிற்று. அலுவல் காரணமாக இரங்கூனிலும் நாகபுரியிலும் சிறிது காலம் இருந்தபோதன்றி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் இவ்வாறே உழைத்தார். 1917ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியை அளித்தபோது, ஊதியம் குறைவு என்பதைக் கருதாது அரசாங்கப் பதவியைத் துறந்து அதனை ஏற்றார்.

1921ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று கடல் வழியே திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலநிறம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே நீரிற் பிரதிபலிக்கின்றது என்பது இராலே பிரபுவின் கருத்து. மாணவப் பருவத்தில் யாருடைய ஆராய்ச்சிகளைப் படித்து வியந்தாரோ, அவருடைய கருத்தையே இப்போது அவர் சோதிக்க முற்பட்டார். உடன் கொண்டுசென்ற சிறிய பட்டகக் கருவியைக் கொண்டு, பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிக் கடலை நோக்கினார், நீலம் மறையவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே அந்நிறத்திற்குக் காரணம் என்று தெளிந்தார். அன்று தொடங்கிய ஆராய்ச்சி, மாணவர் கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு தொடர்ந்து, 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் ‘இராமன் விளைவு’ என்னும் பெருங் கண்டுபிடிப்பாக மலர்ந்தது. ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது, சிதறும் ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகின்றது என்பதே அவ்வுண்மை. அதனைக் காணப் பயன்பட்டவை விலையுயர்ந்த கருவிகள் அல்ல, மிக எளியவையே. 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1954ஆம் ஆண்டில் நம் அரசு பாரத ரத்னா விருதளித்துப் பெருமை கொண்டது. 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் அவர் பெங்களூரில் இயற்கை எய்தினார்.

இராமனுடன் மாநிலக் கல்லூரியில் பயின்றவர் பலர். அவர்கள் நுழைந்த வாயிலும், அமர்ந்த வகுப்பும், கையாண்ட முப்பட்டகமும் அவருக்கு உரியவையே. தனியாக அவருக்கென்று கல்லூரி எதனையும் வைத்திருக்கவில்லை. தயங்காது சென்று கேட்டார். கிடைத்ததை உரிய காலத்தில் பயன்கொண்டார். கண்ணிற் பட்டதை ஏன் என்று வினவாமல் விட்டாரல்லர். கல்லூரி என்பது பெரிய களஞ்சியம். அதன் திறவுகோல் எவர் கையிலும் தானாக வந்து விழுவதில்லை. வேட்கையோடு சென்று கேட்பவன் கைக்கே அது வருகின்றது. இராமன் விளைவு கண்டறியப்பட்ட பிப்ரவரி 28ஆம் நாள், 1987ஆம் ஆண்டு முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் அப்பெருமகனாரின் புகழை நினைக்கும் மாணாக்கர், பதினான்கு வயதில் தனியே வந்து வகுப்பில் அமர்ந்த அச்சிறுவரையும் நினைத்தல் வேண்டும்.