அர்ச். எரோணிமுஸ்: வார்த்தை மாறினாலும் வாக்கு மாறாது



சிறு வயது முதல் கேட்டுப் பழகிய வேத வசனம் ஒன்று கோவிலில் வேறு வார்த்தையில் வாசிக்கப்பட்டால் மனம் துணுக்குறுகிறதல்லவா? வேதமே மாறிப்போயிற்றோ என்று கலங்கினதுண்டா? அப்படியானால், செப்டம்பர் 30-ந் தேதி நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். எரோணிமுஸ் என்பவரின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

இவர் ஏறக்குறைய 347-ம் ஆண்டில், தல்மாசியா நாட்டு எல்லையிலிருந்த ஸ்திரிதோன் என்னும் ஊரில் பிறந்தார். உரோமாபுரியில் கல்வி கற்று, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். லத்தீன் இலக்கியத்தின்மேல் அவருக்கு அளவற்ற மோகம். அந்த இன்பத்தில் ஊறினவருக்கு வேதாகமத்தின் நடை கரடுமுரடாகத் தோன்றிற்று. ஒருமுறை கடும் காய்ச்சலில் கிடந்தபோது, கிறிஸ்துநாதரைவிடச் சிசெரோவின் நூல்களையே நேசித்த குற்றத்திற்காக நித்திய நடுவரின் முன் அடிபட்டதாகக் கனவு கண்டு நடுங்கினார். பின்பு சிரியா நாட்டு வனாந்தரத்தில் தவஞ்செய்தார். துர்ச்சிந்தனைகளை அடக்க, கிறிஸ்தவரான ஒரு யூதரிடம் எபிரேய மொழி கற்கத் தொடங்கினார். மனஞ்சலித்துப் பலமுறை கைவிட்டார், மறுபடியும் தொடங்கினார்.

382-ம் ஆண்டில் உரோமைக்குத் திரும்பினார். அக்காலத்தில் லத்தீன் வேதப் பிரதிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருந்தன. தமாசுஸ் பாப்பரசர் கட்டளைப்படி, சுவிசேஷங்களைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். பாப்பரசர் 384-ல் மரித்தபின் விரோதிகளின் தூஷணம் தாளாமல் உரோமையை விட்டகன்று, 386-ல் பெத்லேகமில் தங்கினார். அங்கே ஏறக்குறைய பதினைந்து வருஷம் உழைத்து, பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே பெயர்த்தார்.

இதற்குக் கிடைத்த சம்மானம் என்ன? ஆப்பிரிக்காவில் ஒரு கோவிலில் அவருடைய மொழிபெயர்ப்பிலிருந்து யோனாஸ் ஆகமம் வாசிக்கப்பட்டது. தீர்க்கதரிசிக்கு நிழல் தந்த செடியை ஜனங்கள் அதுவரை சுரைக்கொடி என்றே கேட்டிருந்தார்கள். இவரோ வேறொரு கொடியின் பெயரை எழுதியிருந்தார். கோவிலில் பெருங்கூச்சல் எழும்பிற்று. மந்தையை இழந்துவிடாதபடி மேற்றிராணியார் பழைய வார்த்தைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அர்ச். அகுஸ்தீன் இதைக் கடிதத்தில் அறிவித்தபோது, கோப சுபாவமுள்ள எரோணிமுஸ் காரமாகவே பதில் எழுதினார்.

இக்கால அறிஞர் பலர் அதை ஆமணக்குச் செடி என்கிறார்கள். ஆனால் சுரையோ, வேறு கொடியோ, ஆமணக்கோ, அந்த ஆகமம் போதிக்கும் சத்தியம் குறைந்ததா? பாவத்தை விட்டு மனந்திரும்பிய நினிவே மாநகரின்மேல் சர்வேசுரன் இரங்கினார். இதை எந்த வார்த்தையும் மாற்றவில்லை.

410-ல் உரோமாபுரி சூறையாடப்பட்டது. அகதிகள் பெத்லேகமுக்கு வந்தபோது, எரோணிமுஸ் தம் எழுத்து வேலையை நிறுத்தி அவர்களுக்குப் பணிவிடை செய்தார். படித்த வேதத்தைக் கையால் செய்து காட்டினார். 420-ல் பெத்லேகமிலேயே மரித்தார்.

ஒரு காலம் கூச்சலிட்டு எதிர்த்த அவருடைய மொழிபெயர்ப்பையே 1546-ல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதிகாரபூர்வமானதாக ஏற்றது. அதுவும் பின்னர் திருத்தப்பட்டு, 1979-ல் புதிதாக வெளியிடப்பட்டது. நம் தமிழிலும் முன்னோர் ஓதிய வார்த்தைகள் வேறு. 1995-ல் வெளிவந்த திருவிவிலியத்தின் வார்த்தைகள் வேறு. பாத்திரம் மாறலாம், அதிலுள்ள ஜீவ தண்ணீர் ஒன்றே.

ஆகையால் பிரியமானவர்களே, வார்த்தை மாறிற்றே என்று வருந்துகிற நாம், அந்த வார்த்தையை வீட்டில் திறந்து வாசிக்கிறோமா? அலமாரியில் தூசி படிந்த வேதாகமம் எந்த மொழிநடையில் இருந்தாலென்ன? யோனாஸ் ஆகமம் நான்கே அதிகாரம். இன்றிரவு ஜெபத்திற்குப் பின் குடும்பமாய் உட்கார்ந்து அதை வாசியுங்கள். பெத்லேகம் குகையருகே கண் மங்கும்வரை உழைத்த அந்த முதியவருக்கு அதுவே நாம் செலுத்தும் திருநாள் காணிக்கை.