அண்ணல் அணிந்த கோட்டு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் காலனிகள் பலவற்றின் முகப்பில் அண்ணல் அம்பேத்கர் சிலையாக நிற்கிறார். நீலக் கோட்டு, டை, கண்ணாடி, காலில் ஷூ, கையில் அரசியல் சாசனம். சில ஊர்களில் சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டும் உண்டு. தலைவர்கள் பலர் வேட்டி சட்டையில் நிற்கும்போது இவர் மட்டும் ஏன் கோட்டு சூட்டில் நிற்கிறார் என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. அவருடைய வாழ்க்கையை உடையின் வழியாகச் சொல்லிப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது.

அக்கா துவைத்த சட்டை

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் ராணுவக் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். மகர் சமூகத்தைச் சேர்ந்த அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். ஓய்வுக்குப் பிறகு குடும்பம் சத்தாராவில் குடியிருந்தது. பீமராவ் சிறுவனாக இருக்கும்போதே தாய் பீமாபாய் இறந்துவிட்டார்.

துணி வெளுக்கக் கூலி கொடுக்க அந்த வீட்டில் காசு இருந்தது. ஊரில் சலவைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். தீண்டப்படாதவர் வீட்டுத் துணியைத் தொட மட்டும் ஆள் இல்லை. அக்காமார்தான் எல்லாத் துணியையும் துவைத்தார்கள். முடி திருத்தவும் யாரும் வரவில்லை. மூத்த அக்காவே கத்தரி எடுத்துத் தம்பிகளுக்கு முடி வெட்டிவிட்டார். பள்ளியில் உட்காரச் சிறுவன் பீமராவ் தனிக் கோணித் துண்டு கொண்டுபோக வேண்டும். அதைப் பள்ளிப் பணியாளர் தொடமாட்டார் என்பதால் மாலையில் வீட்டுக்கே திரும்ப எடுத்து வர வேண்டும்.

1901 கோடை விடுமுறையில், வேறு ஊரில் காசாளராக வேலை பார்த்த தந்தையைப் பார்க்கப் பிள்ளைகள் புறப்பட்டார்கள். முதல் ரயில் பயணம் என்பதால் வீடே அமர்க்களப்பட்டது. ஆங்கிலேய மாதிரிச் சட்டை, பளபளக்கும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி என எல்லாம் புதிதாக வாங்கினார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய பிள்ளைகளின் உடையைப் பார்த்து, பிராமண வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்த நிலைய அதிகாரி அன்பாக விசாரித்தார். மகர் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இரட்டைக் கூலி தருகிறோம் என்றும் எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியில் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிக்கொள்வது, வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவது என்று முடிவானது. கட்டுச்சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாமல் அன்றிரவு பட்டினியாகவே படுத்தார்கள்.

பத்து வயதில் கிடைத்த பாடம் இது. நல்ல உடை உடுத்தினால் பார்க்கிறவர் கண்ணுக்குச் சாதி தெரியாமல் போகலாம். வாய் திறந்து சொன்னதும் அந்த மரியாதை பறிபோய்விடும்.

பரோடாவில் பதினோராம் நாள்

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற பீமராவ், பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கோட்டும் டையும் எல்லா மாணவர்களும் போடும் அன்றாட உடை. அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தவரை யாரும் விலக்கி வைக்கவில்லை. கையில் மிச்சமான காசுக்குப் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கிச் சுமார் 2,000 நூல்கள் வாங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிறகு லண்டனில் படிப்பைத் தொடர்ந்தார்.

உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-ல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பியவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை, சாப்பிட்டு உடை உடுத்தி அலுவலகம் கிளம்பும் நேரத்தில் தடியோடு பத்துப் பன்னிரண்டு பேர் படியேறி வந்து அவரை மிரட்டி வெளியேறச் சொன்னார்கள். வெளிநாட்டில் உயர்கல்வி முடித்தவர் அன்று பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலேறி பம்பாய் திரும்பினார். மசூரில் சிறுவனுக்கு நடந்ததே பரோடாவில் பெரியவருக்கும் நடந்தது.

இதற்குப் பிறகும் அவர் கோட்டைக் கழற்றவில்லை. தாழ்ந்தவன் என்று சொல்கிறவன் முன்னால் தாழ்ந்தவனைப் போல உடுத்தி நிற்க அவர் மறுத்தார். 1927 டிசம்பரில் மகத்தில் மனுஸ்மிருதியை எரித்த மாநாட்டையொட்டிப் பெண்களிடம் பேசியபோதும் இதையே வலியுறுத்தினார். சாதியைக் காட்டிக் கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதையும் கனத்த நகைகள் அணிவதையும் விட்டுவிடச் சொன்னார். துணி கிழிந்திருந்தாலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றார்.

ஒரே டிசம்பர், இரண்டு ஊர்கள்

1930 நவம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இரண்டு பேர் போனார்கள். ஒருவர் அம்பேத்கர். மற்றவர் நம் திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன்.

அவர்கள் லண்டனில் உரிமை கேட்டுக்கொண்டிருந்த அதே டிசம்பர் மாதம், ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது. பெண்களுக்கு மேலாடையும் பூவும்கூட மறுக்கப்பட்டன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் சாதி பற்றிய தம் நூலில் இவற்றைப் பதிந்து வைத்திருக்கிறார்.

காந்தியார் 1921 செப்டம்பரில் மதுரையில் மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றாக அவர் எடுத்த முடிவு அது. சட்டை போடும் உரிமை அவருக்கு ஏற்கெனவே இருந்ததால் அதைத் துறக்கவும் முடிந்தது. சட்டை போட்டதற்காகக் குடிசையை இழந்த மக்களுக்குத் துறப்பதற்கு என்ன இருந்தது? அவர்கள் சார்பில் மாநாட்டுக்குப் போனவர் முழுக் கோட்டில் போனதுதான் பொருத்தம்.

கோட்டு ஒன்றே அவர் உடை என்றும் நினைக்க வேண்டாம். வீட்டில் புத்தகங்களுக்கு நடுவே தளர்வான சாதாரண உடையில் இருப்பார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது வெண்பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டும் அணிந்திருந்தார். இடம் பார்த்து, வேலை பார்த்து, தாமே முடிவு செய்து உடுத்தினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

இன்றும் தொடரும் பேச்சு

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. அதையொட்டி நம் வட மாவட்ட மேடைகளில் ஒரு பேச்சு கிளம்பியது. தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஜீன்ஸ் போட்டு நிற்கும் எல்லாச் சாதிப் பையன்களிலும் ஒருவன் மட்டும் குற்றவாளி ஆகிறான். 1930-ன் சட்டைத் தடையும் இந்தப் பேச்சும் ஒரே மரத்தின் கிளைகள்தாம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படியுங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் புத்தாடை அணிவதை, செருப்புப் போடுவதை, சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போவதை மற்றவர் தடுத்தால் அது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். புத்தாடை என்ற சொல்லைத் தண்டனைச் சட்டத்தில் எழுத வேண்டிய நிலையில் ஒரு நாடு இருப்பதை நாமும் யோசிக்க வேண்டும்.

கல்லூரிக்கும் நேர்காணலுக்கும் போகும் தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. விலை உயர்ந்த பிராண்டு தேவையில்லை. வெளிர் நிறத்தில் காலர் வைத்த பருத்திச் சட்டை, அடர் நிறப் பேன்ட், பெல்ட், துடைத்த ஷூ போதும். ஜீன்ஸ் என்றால் கிழிசல் இல்லாத அடர் நீலம் எடுங்கள். அளவு சரியில்லை என்றால் தெருத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். துவைத்து இஸ்திரி போட்ட நாலு சட்டையில் ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். துணிக்காகக் கடன் வாங்காதீர்கள். மிச்சப்படும் காசை அண்ணல் செய்ததுபோல் புத்தகத்தில் போடுங்கள். யாராவது உங்கள் உடையைப் பார்த்துச் சாதி சொல்லித் தடுத்தால் தலைகுனிந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். நடந்த நாள், நேரம், இடம், பார்த்த சாட்சிகள் எல்லாவற்றையும் அன்றே எழுதிவைத்துக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.