கேரி கில்டால்: மறைந்திருக்கும் கையெழுத்து



போன வருஷம் எங்க அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து 800 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். விண்டோஸ் 98 ஓடும் பழைய பெட்டி. நெட் கனெக்‌ஷன் கிடையாது, படம் பார்க்கவும் வழியில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அதில் இருக்கிற ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

அப்படிக் குடைந்ததில் சில விஷயங்கள் கிடைத்தன. டாஸ் திரையில் டிர் என்று அடித்தால் வராத சில ஃபைல்கள், அட்ரிப் என்று அடித்தால் வந்து நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் கமாண்ட் என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் டீபக் என்று ஒரு சின்ன புரோகிராம். அதைத் திறந்தால் வெறும் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டும். வேறொன்றும் சொல்லாது. அப்புறம் அந்தப் பிரபலமான வேடிக்கை: சி, ஓ, என் என்ற மூன்று எழுத்தில் 'கான்' என்று ஃபோல்டர் உருவாக்கப் பார்த்தால் முடியவே முடியாது. நம்ம ஹாஸ்டலில் இதைப் பேய்க்கதை மாதிரி சொல்வார்கள். காரணம் யாருக்கும் தெரியாதாம்!

காரணம் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோதுதான் கேரி கில்டால் என்ற மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

இந்தப் பெயரை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தேன். வேலைவாய்ப்பு பற்றிப் பேச வந்த விருந்தினர் ஒருவர், வாய்ப்பைக் கோட்டை விட்டவருக்கு உதாரணமாக இவரைத்தான் சொன்னார். ஐ.பி.எம். கம்பெனி வாசல் தேடி வந்த அன்று விமானம் ஓட்டப் போய்விட்டாராம், அதனால் எல்லாம் போச்சாம். ஹால் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயம். எங்க வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல் ஆள். ஒரு நாள் தவறினால் வாழ்க்கையே தவறிப் போகுமா?

கில்டால் 1942 மே 19-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். அவருடைய குடும்பம் கப்பல் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டும் கணக்கைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்தியது. பள்ளிப் படிப்பில் அவர் பெரிய கெட்டிக்காரர் இல்லை. கார் ரிப்பேர், எலெக்ட்ரிக் சாமான்களைப் பிரித்துப் பூட்டுவது இதிலேதான் கவனம். பிறகு குடும்பப் பள்ளியிலேயே பாடம் எடுத்தார். 1963-ல் டோரதி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டது. 1972-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கம்பைலர் தேவையற்ற வேலையை எப்படிக் குறைக்கலாம் என்று அவர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையின் முறை இன்றைக்கும் கம்பைலர் பாடத்தில் வருகிறது.

படிப்புக்கு இடையிலேயே கடற்படைச் சேவைக்கு ஆள் எடுத்தார்கள். அந்தச் சேவையாக, கலிஃபோர்னியா மாநிலம் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. அங்கே இருக்கும்போதுதான், 1971 கடைசியில், இன்டெல்லின் 4004 சிப் வந்தது. அதை ட்ராஃபிக் விளக்கு மாதிரிச் சாமான்களுக்குள் வைக்கிற பொருளாகத்தான் பலர் பார்த்தார்கள். கில்டால் அதை ஒரு முழுக் கம்ப்யூட்டராகப் பார்த்தார். இன்டெல்லுக்கு ஆலோசகராகப் போய், பி.எல்.எம். என்ற மொழியை எழுதிக் கொடுத்தார். மைக்ரோபிராசஸருக்கென்று வந்த முதல் உயர்நிலை மொழி அது.

அடுத்து 8080 வந்தது. நாம லேபில் ஹெக்ஸ் கோட் அடிக்கிற 8085-க்கு அது அண்ணன். அப்போதெல்லாம் புரோகிராமைக் காகித நாடாவில் ஓட்டை போட்டு ஏற்ற வேண்டும். ஒரு தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. சோதனையில் ஓடித் தேய்ந்த ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கில்டாலுக்குக் கிடைத்தது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட் அவருக்கு அமையவில்லை. கூடப் படித்த நண்பர் ஜான் டொரோடி அதைச் செய்து கொடுத்தார். 1974-ல் பசிஃபிக் க்ரோவ் என்ற சிற்றூரில், தன் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில், கில்டால் எழுதிய ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த டிரைவில் ஓடியது. அதன் பெயர் சி.பி.எம். (கட்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கட்டுப்படுத்தும் புரோகிராம் என்பதன் சுருக்கம்.)

அவரும் மனைவி டோரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு மாதிரி மெஷின் செய்தன. ஒவ்வொன்றுக்கும் சிஸ்டத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால் கட்டுப்படி ஆகுமா? 1976 வாக்கில் கில்டால் ஒரு காரியம் செய்தார். ஹார்டுவேரைத் தொடுகிற பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மெஷின் வந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும், மீதி அப்படியே ஓடும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஒரு கீயைத் தட்டி பயாஸுக்குள் போகிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது என் பழைய பெட்டிக்கு வருவோம்.

சி.பி.எம்.மில் கீபோர்டும் திரையும் சேர்ந்த கன்சோலுக்குப் பெயர் கான். ஃபைலுக்குப் பெயர் இருப்பது மாதிரி அதற்கும் பெயர். டாஸ் அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது, விண்டோஸ் டாஸிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஏற்கெனவே ஒரு கருவிக்கு இருக்கிற பெயரை ஃபோல்டருக்கு வைக்க முடியாது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

ஏ, பி, சி என்று டிரைவுக்கு எழுத்து, ஃபைல் பெயருக்கு எட்டு எழுத்தும் அதன் பின் மூன்று எழுத்தும், டிர், டைப், ரென் என்ற கட்டளைகள், எல்லாமே சி.பி.எம்.மில் இருந்தவை. 1979-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபைலை மறைக்கும் வசதியும் உண்டு. ஸ்டாட் என்ற யுடிலிட்டியில் ஒரு சொல் கொடுத்தால் அந்த ஃபைல் டிர் பட்டியலில் வராது. மறைத்த செய்தியை எங்கே எழுதி வைத்தார் தெரியுமா? ஒரு எழுத்துக்கு ஏழு பிட் போதும், எட்டாவது பிட் சும்மா கிடக்கும். அந்த மூன்றெழுத்துப் பின்பெயரின் இரண்டாம் எழுத்தில் சும்மா கிடந்த பிட்டைத்தான் இதற்குப் பயன்படுத்தினார். ஒரு பைட்கூட வீணில்லை!

டீபக் புரோகிராமுக்கும் முன்னோடி உண்டு. சி.பி.எம்.மில் டி.டி.டி. என்று பூச்சி மருந்தின் பெயரிலேயே ஒரு யுடிலிட்டி இருந்தது. அதில் மெமரியைக் காட்ட டி, ஓட்ட ஜி, படிப்படியாகப் பார்க்க டி-க்குப் பக்கத்து வீடான ட்ரேஸுக்கு ஒரு எழுத்து. டீபக்கிலும் அதே எழுத்துகள். அந்தப் பெயரையும்கூட கில்டால் முந்தைய பெரிய கம்ப்யூட்டர்களிடமிருந்து எடுத்ததுதான். யாரும் சூனியத்திலிருந்து தொடங்குவதில்லை.

இன்னொன்று. 8086 புரோகிராமில் ஒரு வரியைத் திரையில் அச்சிட 9 என்று கொடுத்து, வரியின் கடைசியில் டாலர் குறி போடுகிறோம். ஏன் டாலர் என்று நான் கேட்டபோது அது அப்படித்தான் என்று பதில் வந்தது. சி.பி.எம்.மிலும் அந்த வேலைக்கு எண் 9, கடைசியில் டாலர். அதனால்தான்!

சரி, அந்த விமானக் கதை என்ன ஆனது?

1980-ல் ஐ.பி.எம். ஆட்கள் பசிஃபிக் க்ரோவுக்கு வந்தது உண்மை. அன்று கில்டால் தன் விமானத்தில் வெளியூர் போயிருந்ததும் உண்மை. ஆனால் போனது வியாபார வேலையாக. கம்பெனியின் ஒப்பந்தங்களை எப்போதும் கவனித்தது டோரதி. ஐ.பி.எம். நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில், நிபந்தனைகள் ஒருதலையாக இருந்ததால், அவர் உடனே கையெழுத்துப் போடவில்லை. பேச்சு கூடி வரவில்லை.

சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர், சி.பி.எம். புரோகிராம்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ளும்படி அதன் அழைப்பு முறையையே பின்பற்றி ஒரு சிஸ்டம் எழுதியிருந்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐ.பி.எம்.முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். பி.சி. வந்தது. கில்டால் ஆட்சேபம் தெரிவித்தார். அதன் பிறகு சி.பி.எம்.மையும் விற்க ஐ.பி.எம். ஒத்துக்கொண்டது. ஆனால் விலை? டாஸ் 40 டாலர், சி.பி.எம். 240 டாலர். கடைக்குப் போகிறவர் எதை வாங்குவார்? ஒரு நாள் காலைப் பயணம் தோற்கடித்தது என்று சொல்வது சுலபம். அதன் பிறகு நடந்த பேரமும் விலையும் கதையில் வராது.

கில்டாலும் சும்மா உட்கார்ந்துவிடவில்லை. கம்ப்யூட்டர் பற்றிய வாராந்திர டி.வி. நிகழ்ச்சியில் பல வருஷம் உடன் தொகுப்பாளராக வந்து மக்களுக்கு விளக்கினார். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சி.டி.யில் கொண்டுவந்த முயற்சியில் முன்னின்றார். 1988-ல் அவருடைய கம்பெனி டி.ஆர். டாஸை வெளியிட்டது. 1991-ல் நோவெல் கம்பெனி டிஜிட்டல் ரிசர்ச்சை வாங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த விமானக் கதை அவரை விடவில்லை. கடைசி வருஷங்களில் மனக்கசப்பும் குடியும் சேர்ந்துகொண்டன. தன் தரப்பைச் சொல்ல ஒரு நினைவுக்குறிப்பு எழுதி, நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். 1994 ஜூலை 11-ல், தலையில் பட்ட காயத்தால், 52 வயதில் மான்டரேயில் காலமானார்.

2014-ல் அவர் வீடும் கம்பெனியும் இருந்த பசிஃபிக் க்ரோவில் ஐ.இ.இ.இ. அமைப்பு நினைவுப் பலகை பதித்தது. அதே வருஷம் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் சி.பி.எம்.மின் ஆரம்ப காலப் பதிப்புகளின் மூல நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தது. நம்மைப் போன்றவர்களும் படிக்கலாம்.

நண்பர்களே, ஜெயித்தவர் பெயர் பெட்டிக்கு வெளியே இருக்கும், ஆன் செய்ததும் திரையில் வரும். செய்தவர் கையெழுத்து சில சமயம் மறைத்து வைத்த ஃபைலுக்குள்தான் இருக்கும். அடுத்த முறை யாராவது கில்டாலைக் கோட்டை விட்டவர் என்று சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். லேபில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரில் கான் என்று ஃபோல்டர் உருவாக்கிக் காட்டச் சொல்வேன். முடியாது என்று மெஷினே சொல்லும். அவர் வைத்த பெயர் அங்கே இன்னும் அழியவில்லை.

நீங்களும் பழைய பெட்டி கிடைத்தால் இரும்புக் கடைக்குப் போடும் முன் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.